கரும்பலகையில் தலைகீழ் எண்கள்

நிரலாக்க மாநாடு ஒன்றுக்கு முதல் தடவையாகப் போய்த் திரும்பிய மாணவன் ஒருவனின் குறிப்பேடு என் மேசைமீது இருக்கிறது. முதல் இரண்டு பக்கங்களில் மட்டுமே எழுத்து. இடப்புறம், காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கிலச் சொற்கள். வலப்புறம், பொருள் எழுதுவதற்காக விட்ட இடம். எண்ணிப் பார்த்தேன், 43 சொற்கள். வலப்புறம் முழுவதும் காலி.

அவன் ஊர், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையை விட்டு விலகி உள்ளே இருக்கும் கரிசல் கிராமம். தகப்பனார் மானாவாரியில் உளுந்தும் சோளமும் போடுகிறவர். தாயார் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, இப்பொழுது கல்லூரியில் கணிதம் முதலாண்டு படிக்கிறான். கைப்பேசியைப் பார்த்தும், கல்லூரிக் கணிப்பொறியில் தட்டிப் பார்த்தும், நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவன். சென்னையில் இப்படி ஒரு மாநாடு நடக்கிறது, மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு என்று தெரிந்ததும் என்னிடம் வந்தான்.

"சார், அங்க போனா எனக்கு வெளங்குமா?"

"போய்ப் பார் தம்பி" என்றேன். நெல்லை எக்ஸ்பிரசில் முன்பதிவில்லாத பெட்டியில் ஓர் இரவு போய், இரண்டு நாள் கழித்து அதே மாதிரி திரும்பினான். நோட்டை என் முன்னால் வைத்து, "நான் போனதே தப்பு சார்" என்றான்.

போனது தவறா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. நம்மிடையே கச்சேரிக்கு விமர்சனம் உண்டு. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உண்டு. மாநாட்டுக்கு மட்டும் செய்திதான் உண்டு. யார் தொடங்கிவைத்தார், எத்தனை பேர் கூடினர், எத்தனை கட்டுரைகள் படிக்கப்பட்டன என்பதோடு பத்திரிகைகளின் வேலை முடிந்துவிடுகிறது. படித்தது கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எவரும் எழுதுவதில்லை. அவன் சென்ற மாநாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதாயிருந்தால் எழுதவே வேண்டியதில்லை.

நோட்டைப் புரட்டியபோது எனக்குத் திடுக்கிட்டது வேறொன்று. அந்த 43 சொற்களில் பாதிக்கு மேல் அவனுக்குத் தெரிந்தவை! 'பெர்முடேஷன்' என்று எழுதியிருந்தான். வரிசைமாற்றக் கணக்குகளை அவன் பள்ளியிலேயே சரளமாகப் போடுவான். 'ப்ராபபிலிட்டி' என்பது அவன் படித்த நிகழ்தகவு. 'ஃபேக்டோரியல்' என்பது காரணீயப் பெருக்கம். 'இன்டக்ஷன்' என்ற சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி மூன்று போட்டிருந்தான். "அடுப்பைப் பத்தி எதுக்கு சார் அங்க பேசுறாங்க?" என்று கேட்டானே பார்க்கலாம்! பேச்சாளர் சொன்னது கணிதத் தொகுத்தறிதலை. ஒரு கூற்று 1 என்ற எண்ணுக்கு மெய். ஓர் எண்ணுக்கு மெய்யானால் அதற்கடுத்த எண்ணுக்கும் மெய். ஆகவே எல்லா எண்களுக்கும் மெய் என்று காட்டும் முறை அது. பதினொன்றாம் வகுப்பில் அவன் வாங்கிய மதிப்பெண்களில் அதற்கும் பங்குண்டு.

ஆக, அரங்கில் அவனுக்கு எட்டாமல் போனது அறிவியலன்று. அதன் பெயர் மட்டுமே. சொல்கிறவர் இதைத் 'தொகுத்தறிதல்' என்று ஒரு தடவை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். அவரும் தமிழரே என்றும், மேடையை விட்டு இறங்கியதும் நண்பர்களிடம் தமிழில்தான் பேசினார் என்றும் மாணவன் சொன்னான். அவர் அகந்தை பிடித்தவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அது தோன்றவேயில்லை, அவ்வளவுதான். இந்தத் தோன்றாமைக்கு நிரலாக்க மாநாடுகளின் வரலாற்றிலேயே, ஏறக்குறைய தொடக்கத்திலேயே, புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

1946 ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், எனியாக் கணிப்பொறி பிறந்த மூர் மின்பொறியியல் பள்ளியில், கணிப்பொறி அமைப்பைப் பற்றிய சொற்பொழிவுகள் ஜூலை முதல் ஆகஸ்ட் முடிய நடந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கும் அழைப்பு வந்தது. போர் முடிந்த மறு ஆண்டு. கப்பலில் இடம் கிடைப்பது எளிதாக இல்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது பெரும்பகுதி முடிந்துவிட்டது. கடைசி இரு வாரங்களே அவருக்குக் கிடைத்தன. விட்டுப்போனவற்றை மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். திரும்பும் வழியில், குவீன் மேரி கப்பலிலேயே, தாம் கட்டப்போகும் கணிப்பொறிக்கு வரைவு போடத் தொடங்கினார். 'எட்சாக்' என்ற அந்தப் பொறி 1949 மே 6 ஆம் நாள் தன் முதல் நிரலை இயக்கி, 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிட்டுத் தந்தது.

தாமதமாகப் போனவர், பாதிக்கு மேல் தவறவிட்டவர், மிகுதியாகக் கொண்டுவந்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வில்க்ஸ் தேர்ந்த இயற்பியலர், நம் மாணவனோடு அவரை ஒப்பிடுவது பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவருக்கு இருந்த முதன்மையான வசதி வேறு: தெரியாததை அருகிலிருப்பவரிடம் கேட்பதற்கு அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை, கேட்கும் மொழியும் அவருடைய மொழியாகவே இருந்தது.

எட்சாக் இயங்கிய மறுமாதமே, 1949 ஜூனில், கேம்பிரிட்ஜில் கணிப்பொறி மாநாடு ஒன்று கூடியது. மான்செஸ்டரிலிருந்து ஆலன் டூரிங் வந்து, பெரிய நிரலொன்றைச் சரிபார்ப்பது எப்படி என்பது பற்றிப் பேசினார். அவர் எடுத்துக்கொண்ட நிரல், காரணீயப் பெருக்கத்தைக் கணக்கிடுவது! அந்தக் கருத்தைச் சற்று நின்று பார்ப்போம். இன்றைக்கும் அது பழையதாகவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் மூன்று நாளில் கட்டிய பண்டல்கள் 478, 395, 286 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1159. இந்த விடை சரியா என்று ஒருவர் பார்க்க வேண்டுமானால், முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஆனால் கூட்டும்போது அடுத்த இடத்துக்கு எடுத்துச்செல்லும் எண்களை மேலே எழுதி வைத்திருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஒன்றுகளில் 8, 5, 6 சேர்ந்து 19. 9 எழுதி 1 மேலே. பத்துகளில் 7, 9, 8 ஆகியவற்றோடு அந்த 1 சேர்ந்து 25. 5 எழுதி 2 மேலே. நூறுகளில் 4, 3, 2 ஆகியவற்றோடு அந்த 2 சேர்ந்து 11. இப்பொழுது மூன்று பேர் தனித்தனியே உட்கார்ந்து ஆளுக்கொரு வரிசையைச் சரிபார்க்கலாம். ஒருவர் மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. மூன்றும் சரியென்றால் முழுவதும் சரி.

நிரலுக்கும் இதையே செய்யுங்கள் என்றார் டூரிங். நிரலை எழுதுகிறவர், இந்த இடத்துக்கு வரும்போது இன்ன பெட்டியில் இன்ன மதிப்பு இருக்கும் என்று இடையிடையே உறுதியாக எழுதிவைக்க வேண்டும். சரிபார்ப்பவர் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்த்துக்கொள்வார். எழுதியவர் மனத்துக்குள் சுமந்து சென்றதை வெளியே எழுதிக் காட்டச் சொன்னதே இக்கருத்தின் சாரம். காரணீயப் பெருக்க நிரலில், சுழற்சியின் ஒரு சுற்று சரியானால் அடுத்த சுற்றும் சரி என்று காட்டுவது, நம் மாணவன் அடுப்பென்று நினைத்த அதே தொகுத்தறிதல்தான்.

இவ்வளவு தெளிவான கருத்தைச் சொன்னவர், கரும்பலகையில் என்ன செய்தார் தெரியுமா? 1949 ஆம் ஆண்டின் அந்தக் கேம்பிரிட்ஜ் சொற்பொழிவைப் பற்றி வில்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நிரலைச் சரிபார்ப்பது பற்றி ஒன்றை விளக்க, இரண்டு எண்களைப் பெருக்கிக் காட்ட வந்த டூரிங், முன்னறிவிப்பு எதுவுமின்றி எண்களைத் தலைகீழாக எழுதினார். அதாவது 128 என்பதை 821 என்று எழுதுவது போல. மான்செஸ்டர் பொறியில் சிற்றிலக்கம் இடப்புறம் வருவது வழக்கம். அதிலேயே வாழ்ந்தவருக்கு அது இயல்பாகிவிட்டது. கேட்டவர்கள் திகைத்தார்கள். அவர் வேடிக்கைக்காகச் செய்யவில்லை, தம்மை மட்டம் தட்டவும் செய்யவில்லை என்கிறார் வில்க்ஸ்; இவ்வளவு சின்ன விஷயம் ஒருவர் புரிந்துகொள்வதைத் தடுக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லையாம்.

மனத்திலிருப்பதை வெளியே எழுதுங்கள் என்று சொன்னவரே, எந்தப் பக்கமிருந்து எழுதுகிறார் என்பதை மனத்திலேயே வைத்துக்கொண்டார்!

அந்த மூன்று பக்கக் கட்டுரை அச்சிலும் பிழைகள் மலிந்து வந்தது. எஃப். எல். மாரிஸ், சி. பி. ஜோன்ஸ் என்ற இருவர் 1984 ஆம் ஆண்டில் பிழைகளைத் திருத்தி மறுபடி வெளியிட்டனர். இதற்கிடையில், 1966 இல் பீட்டர் நாரும், 1967 இல் ராபர்ட் ஃபிளாய்டும், 1969 இல் டோனி ஹோரும் அதே வழியில் நடந்து நிரல்களின் மெய்ப்பித்தலை ஒரு துறையாக்கினார்கள். டூரிங்கின் கட்டுரை அந்த இடைக்காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. கரும்பலகையே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆயினும் அரங்கில் இருந்தவர்கள் அக்கருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை என்பது உறுதி. அரங்கில் இருந்தவர்களோ அக்காலக் கணிப்பொறி வல்லுநர்கள். தலைகீழ் எண் அவர்களையே திகைக்க வைத்ததென்றால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கரிசல்காட்டுப் பையன் எம்மாத்திரம்?

இனி நம் நாட்டு மாநாடுகளுக்கு வருவோம். பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் கூடும் 'பைக்கான் இந்தியா' முதன்முதலாக 2009 செப்டம்பரில் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்தது. 2019 அக்டோபரில் சென்னைக்கு வந்தது. தொண்டர்கள் தம் நேரத்தைச் செலவிட்டு நடத்தும் இத்தகைய மாநாடுகளில் பாராட்டத்தக்க வழக்கங்கள் பல உண்டு. ஐந்தே நிமிடத்தில் ஒருவர் தம் வேலையைச் சொல்லி இறங்கும் மின்னல் பேச்சு அவற்றுள் ஒன்று. பெரிய பெயர் இல்லாதவருக்கும் மேடை கிடைக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, தாழ்வாரத்தில் வட்டமாக நின்று பேசுகிறவர்கள் எப்போதும் ஓர் ஆள் நுழையும் இடத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்ற விதி. எரிக் ஹோல்ஷர் என்ற அமெரிக்க நிரலர் பரப்பியது. வாய் திறந்த பாக்மேன் பொம்மை போல வட்டம் இருக்க வேண்டும் என்பார். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் புது ஆள் வந்தால் எல்லாரும் ஒரு சாண் நகர்ந்து உட்காருவோமே, அதுதான்.

வட்டத்தில் இடம் விடுகிறார்கள். பேச்சில் இடம் விடுவதில்லை. என் குறைபாடு இதுவே. பல மாநிலத்தார் கூடும் இடத்தில் ஆங்கிலம் தேவை. அதை மறுப்பவன் நானல்லன். நிரலாக்கக் கையேடுகளும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. மாணவன் அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்நூறு பேர் அமரும் கூடத்தில் தமிழறிந்த பேச்சாளர் தமிழறிந்த மாணவனிடம் ஒரு சொல்லுக்கு மறுபெயர் சொல்வதனால் அறிவியல் எந்த வகையிலும் குறைந்துவிடாது. இடைவேளையில், இன்ன மூலையில் தமிழில் கேட்கலாம் என்று ஒரு பலகை வைத்தால் செலவு ஓர் அட்டையும் கொஞ்சம் மையும்.

தமிழுக்கென்றே நடக்கும் மாநாடுகள் இதைச் செய்தனவா? ஒரு பங்கு செய்தன. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997 இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாடுகளில், 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்தது தனிச் சிறப்புடையது. அங்கே விவாதித்து உருவானதே தமிழ்99 விசைப்பலகை. அதில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வை அடுத்து க வந்தாலும் அப்படியே. தமிழ்ச் சொல்லில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற அறிவு விசைப்பலகைக்குள் புகுந்திருக்கிறது. அந்த அறிவு எட்டாம் வகுப்பு மாணவனிடமும் இருக்கிறது! ஒரு மாநாடு எடுத்த முடிவு இன்றும் பலருடைய விரல் நுனியில் இயங்குகிறது என்றால் அது வெற்றி பெற்ற மாநாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் தொகுதிகளைப் புரட்டினால் எழுத்துரு, குறியீட்டு முறை, அகராதி, சொற்பிழை திருத்தி என்பவையே பெரும்பகுதி. நிரல் எழுதக் கற்கும் மாணவனுக்கென்று கிடைப்பது கொஞ்சம். கலைச்சொற்களிலும் அவை மாணவனைக் குழப்புகின்றன. ஒருவர் 'நிரல்' என்றால் இன்னொருவர் 'ஆணைத்தொடர்' என்கிறார், மூன்றாமவர் 'செய்நிரல்' என்கிறார். புதுச் சொல்லை விளக்கமின்றி வீசுவதும் தலைகீழ் எண்ணை எழுதுவதும் ஒன்றே. மொழி தமிழானதால் குற்றம் குறைந்துவிடாது.

மாறான ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழியைப் பற்றி அவர் 2009 இல் ஆய்வுரை எழுதினார். அதில் அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', சுழற்சிக்கு 'வரை'. நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' பின்னே வருகிறது. 'மழை பெய்தால்' என்பதில் 'ஆல்' பின்னால் நிற்பது போல. ஆங்கிலத்தில் முன்னே நிற்கும் சொல்லைத் தமிழ் வாக்கியத்தின் போக்குக்கு ஏற்ப நகர்த்திய நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. இதைக் கொண்டு பெரிய தொழிற்சாலை நிரல்கள் எழுதப்போவதில்லை. நிபந்தனை என்றால் என்ன, சுழற்சி என்றால் என்ன என்று ஒரு தடவை சொந்த மொழியில் கண்டுகொண்டவன், பிறகு பைத்தானில் திகைக்கமாட்டான். எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

இன்னொரு குறை. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷில் மென்பொருள் பொறியியல் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அதன் தொகுதியைப் பதிப்பித்த பீட்டர் நாரும் பிரையன் ராண்டலும் கட்டுரைகளை மட்டும் அச்சிடவில்லை. யார் என்ன கேட்டார், யார் மறுத்தார், எங்கே ஒத்துக்கொள்ளாமல் கலைந்தார்கள் என்ற உரையாடலையும் பொருள்வாரியாகத் தொகுத்தார்கள். அரங்கில் இல்லாதவரும் அந்த வாதத்துக்குள் போய் உட்காரலாம். நான் பார்த்த நம் தொகுதிகளில் கேள்விக்கு இடமில்லை. கேள்வி அச்சேறுமென்றால் கேட்பவனுக்கும் மதிப்புண்டு. அதைக் கண்டு அடுத்த ஆண்டு ஒரு புது ஆள் வாய் திறப்பான்.

கேட்கும் பழக்கம் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நூறு ஆண்டு கடந்தது. இந்தப் பக்கத்து உழவர் கூட்டங்களில் அதிகாரி, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ விதை என்று சொன்னால், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "ஐயா, குறுக்கத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க!" அதிகாரி கோபித்துக்கொள்வதில்லை. நின்று, மனக்கணக்குப் போட்டு, குறுக்கத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். சொல்லாவிட்டால் விதை தவறான அளவில் விழும் என்பது அவருக்கும் தெரியும். கரிசலில் மழைக்கு முன் விதைத்தவனுக்கு இரண்டாவது வாய்ப்பு அந்த ஆண்டில் கிடையாது.

இதே ஊர்ப் பையன் சென்னை அரங்கில் ஏன் குரல் கொடுக்கவில்லை? உழவர் கூட்டத்தில் நிலம் உழவருடையது. அரங்கில் எதுவும் தன்னுடையதில்லை என்று அவன் நினைத்துவிட்டான். அந்த நினைப்பை நீக்குவது பேச்சாளரின் முதல் இரண்டு நிமிட வேலை, அவர் செய்யவில்லை. அவனும் ஒரு தடவை கையைத் தூக்கியிருக்கலாம், அவனும் செய்யவில்லை. அவன் பங்கை நான் மறைக்கப் போவதில்லை.

நோட்டை எடுத்து, தெரிந்த சொற்களுக்கு எதிரே அவனையே எழுதச் சொன்னேன். அரைமணி நேரத்தில் 26 இடங்களை நிரப்பிவிட்டான். மிச்சம் 17. அவற்றில் ஐந்து எனக்கும் தெரியாது; இருவரும் உட்கார்ந்து தேடினோம். "அப்போ பாதிக்கு மேல எனக்குத் தெரிஞ்சதுதானா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான்.

இப்பொழுது அவன் ஐந்து நிமிட மின்னல் பேச்சு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறான். தீப்பெட்டி ஆபீசில் தாயாரின் வாரக் கூலிக் கணக்கைச் சரிபார்க்கும் சிறு நிரல் பற்றியது. ஒவ்வொரு நாளின் கூட்டலும் முடியும் இடத்தில், அதுவரையுள்ள தொகை என்னவாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறான். பேச்சு ஆங்கிலத்தில், ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் தமிழ்ப் பெயர் பலகையின் ஓரத்தில். ஒத்திகை பார்த்தபோது ஏழரை நிமிடம் ஆயிற்று. எதை வெட்டலாம் என்று கேட்டான். தமிழ்ப் பெயர்களை வெட்டாதே, முன்னுரையை வெட்டு என்றேன்.